மாணவர் ரோபோவுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி

பள்ளிகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் மாணவர் குழுக்கள் ரோபோக்களை அமைத்துப் போட்டிகளில் கலந்துகொள்வது இன்று நம் நாட்டில் பெருகி வருகின்றது. ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ‘ரோபோகான்’ போட்டி 2002-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் முதன்முறையாக நடைபெற்றது. அதற்குச் செல்லும் இந்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் போட்டியைத் தூர்தர்ஷன் நடத்தி வந்துள்ளது. 2008-ஆம் ஆண்டிலும் 2014-ஆம் ஆண்டிலும் சர்வதேசப் போட்டியே புனே நகரில் நடந்தேறியது. பள்ளி மாணவர்களைப் பொறுத்தவரை, நிதி ஆயோகின்கீழ் 2016-இல் தொடங்கப்பெற்ற அடல் புத்தாக்க இயக்கம், 6 முதல் 12 வரையுள்ள வகுப்பினருக்கென ஏறத்தாழ 10,000 பள்ளிகளில் டிங்கரிங் ஆய்வுக்கூடங்களை நிறுவியுள்ளது.

இத்தகைய குழுக்களில் சக்கரங்களும் இயந்திரக் கையுமே அனைவருடைய கவனத்தையும் கவர்கின்றன. ரோபோவை இயக்குபவர் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோ, போட்டிக்கு முந்திய மாலையில் கிடைத்த டப்பா ஒன்றில் கிடைத்த சுவிட்சுகளைப் பொருத்தி அவசரமாக முடிக்கப்படுகின்றது. இது வருந்தத்தக்கது. ஏனெனில், மனிதனுடைய எண்ணம் இயந்திரத்தின் செயலாக மாறும் இடம் இப்பெட்டியே. மேலும், முப்பது கிலோகிராம் எடையுள்ள ஓர் இயந்திரம் தவறான நேரத்தில் நகருமாயின், அருகில் நிற்கும் மாணவனின் விரலும் பாதமும் அதன் வழியில் இருக்கக்கூடும். ஆதலின், ரோபோவை ஓடச் செய்வதற்கு முன், அதை எந்த நிலையிலும் நிறுத்த வல்லதாக இருத்தலே நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டியின் முதல் இலக்கணம் எனக் கொள்ள வேண்டும். ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் தாமே செய்யத்தக்க அத்தகைய பெட்டியொன்றை இக்கட்டுரை விவரிக்கின்றது.

எடுத்துக்கொண்ட ரோபோ

விளக்கத்தின் பொருட்டு, 12 வோல்ட் நேர்மின் மோட்டார்கள் நான்கு கொண்ட ரோபோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, கையை உயர்த்தித் தாழ்த்த ஒன்று, பொருளைப் பற்றி விடுவிக்க ஒன்று என அவை அமையும். ரோபோவின் மேல் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள, அடைக்கப்பட்ட காரீய அமில பாட்டரி ஒன்று இருக்கும். இயக்குபவர் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு கேபிளின் மறுமுனையில் பெட்டியுடன் நிற்பார்.

கம்பியின்றி வானொலி அலைகளால் இயக்கலாகாதோ என மாணவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். ஆயினும், தொடக்கநிலையில் கம்பியே சிறந்த ஆசிரியர். கம்பி அறுந்தால் அதைக் கண்ணால் காணலாம், மீட்டரால் அளக்கலாம். வானொலி இணைப்பில் ஏற்படும் குறையைக் கண்டறிய வேறு கருவிகளும் பயிற்சியும் தேவைப்படும். மின்சுற்றின் ஒவ்வோர் அங்கமும் என்ன செய்கின்றது என்பதை முதலில் உணர்ந்த மாணவன், பின்னர்க் கம்பியில்லா முறைக்குச் செல்வதில் இடர்ப்பாடு இல்லை.

மோட்டாரின் மின்னோட்டம் பெட்டிக்குள் வரலாமா?

மிக எளிய முறை, பாட்டரியிலிருந்து இரு கம்பிகளைப் பெட்டிக்குக் கொண்டுவந்து, ஒரு சுவிட்சின் வழியாக மீண்டும் மோட்டாருக்கு அனுப்புவதாகும். பொம்மைக் கார்களுக்கு இது போதும். நமது ரோபோவுக்கு ஏன் போதாது என்பதை ஓம் விதியைக் கொண்டே மாணவர்கள் கணித்தறியலாம்.

சக்கர மோட்டாரின் சுருளுக்கு 1.5 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். மோட்டார் சுழலாமல் நிற்கும் கணத்தில், அதாவது புறப்படும்போதும், தடையொன்றில் முட்டி நிற்கும்போதும், அதன் வழியே செல்லும் மின்னோட்டம் 12-ஐ 1.5-ஆல் வகுக்க வருவது. அது 8 ஆம்பியர் ஆகும். சுழலத் தொடங்கிய பின் மோட்டார் தானே எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்குவதால் இது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே, கம்பிகளையும் சுவிட்சுகளையும் தேர்ந்தெடுக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை மட்டும் கருதாமல், நிற்கும் மின்னோட்டத்தையும் கருத வேண்டும்.

இனிக் கேபிளைக் கவனிப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.0172 ஓம் ஆகும். போக 10 மீட்டரும் வர 10 மீட்டருமாக 20 மீட்டருக்கு அது சுமார் 0.34 ஓம். இதனை மோட்டாரின் 1.5 ஓமுடன் கூட்டினால், புறப்படும் மின்னோட்டம் 8 ஆம்பியரிலிருந்து 6.5 ஆம்பியராகக் குறையும். மோட்டாரின் திருப்புவிசை மின்னோட்டத்தைப் பொறுத்ததாதலால், அதில் ஐந்தில் ஒரு பங்கு கேபிளிலேயே இழக்கப்படுகின்றது. இனி, கையாள எளிதாயிருக்கும் என்று கால் சதுர மில்லிமீட்டர்க் கம்பியைப் பயன்படுத்தினாலோ, கேபிளின் மின்தடை சுமார் 1.38 ஓம் ஆகிவிடும், மின்னோட்டம் 4.2 ஆம்பியருக்குக் கீழிறங்கும். திருப்புவிசையில் ஏறக்குறைய பாதி மறைந்துவிடும். தடித்த கம்பிகளால் ஆன கேபிளோ, ரோபோவை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இந்தச் சங்கடத்துக்கு விடை, மோட்டார்களின் மின்னோட்டத்தை ரோபோவின் மேலேயே நிறுத்திவிடுவதுதான். பெட்டியிலிருந்து செல்ல வேண்டியது கட்டளை மட்டுமே; அதைச் செயற்படுத்தும் வலிய சுவிட்சுகளாக ரிலேக்கள் ரோபோவின் மேல் இருக்க வேண்டும். மோட்டார் வாகன உதிரிப்பாகக் கடைகளில் எளிதிற் கிடைக்கும் ஐந்து முனைகள் கொண்ட 12 வோல்ட் ரிலேயின் சுருள் 90 ஓம் அளவுள்ளதாக இருக்கும். அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் சுமார் 0.13 ஆம்பியரே. இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்குக் கால் சதுர மில்லிமீட்டர்க் கம்பி தாராளமாகப் போதும். ஐந்து ரிலேக்கள் ஒருங்கே இயங்கினாலும் கேபிளில் ஏற்படும் இழப்பு அரை வோல்ட்டைச் சற்றே தாண்டும். இத்தகைய ரிலேக்கள் பெரும்பாலும் 8 வோல்ட் அளவிலேயே இழுத்துக்கொள்வனவாதலால் இந்த இழப்பினால் குறையில்லை.

ஒரு மோட்டாருக்கு இரண்டு ரிலேக்கள்

மோட்டாரை முன்னும் பின்னும் சுழற்ற ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு ரிலேக்கள் வேண்டும். மோட்டாரின் ஒரு முனையை முதல் ரிலேயின் பொது முனையுடனும், மறு முனையை இரண்டாம் ரிலேயின் பொது முனையுடனும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு ரிலேயிலும், சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையைப் பாட்டரியின் எதிர்முனையுடனும், சாதாரண நிலையில் திறந்திருக்கும் முனையை நேர்முனைக் கம்பியுடனும் சேர்க்க வேண்டும்.

இவ்வமைப்பின் சிறப்பு ஆராயத்தக்கது. இரு ரிலேக்களும் ஓய்ந்திருக்கையில் மோட்டாரின் இரு முனைகளும் எதிர்முனையுடன் சேர்ந்திருக்கும். அப்போது சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டராக மாறி, தன்னைத் தானே தடுத்து நிறுத்திக்கொள்ளும். முதல் ரிலே மட்டும் இயங்கினால் மோட்டார் ஒரு திசையிலும், இரண்டாவது மட்டும் இயங்கினால் எதிர்த்திசையிலும் சுழலும். தவறுதலாக இரண்டும் ஒருங்கே இயங்கினாலும், இரு முனைகளும் நேர்முனையுடன் சேருமேயன்றிப் பாட்டரி குறுக்குச் சுற்றாவதில்லை. அதாவது, சுவிட்சுகளை எவ்வாறு அழுத்தினாலும் விபத்து நேராதபடி இணைப்பு முறையே காப்பாற்றுகின்றது. இயக்குபவரின் எச்சரிக்கையை மட்டும் நம்பியிராமல், தவறு நேர்ந்தாலும் தீங்கு விளையாத வகையில் அமைப்பது பொறியியலின் அடிப்படை நெறிகளுள் ஒன்றாகும்.

ஒவ்வொரு ரிலேயின் சுருளுக்கும் குறுக்கே 1என்4007 என்னும் டயோடு ஒன்றை, அதன் கோடிட்ட முனை நேர்முனைப் பக்கம் இருக்குமாறு பொருத்த வேண்டும். சுருளில் மின்னோட்டம் திடீரென நிறுத்தப்படும்போது எழும் உயர் மின்னழுத்தம், சுவிட்சின் தொடுமுனைகளில் பொறியை உண்டாக்கி அவற்றை விரைவில் அரித்துவிடும். டயோடு இதனைத் தடுக்கும்.

கை மோட்டாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய தடுப்பு, சுழற்சியை விரைவில் மெதுவாக்குமேயன்றி, பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்காது. எனவே, கையை உயர்த்தும் மோட்டாருக்குப் புழுப்பற்சக்கர அமைப்பைப் பயன்படுத்துவதே தக்கது. மின்சாரம் நின்றபோதும் கை தானே கீழே விழாது.

நிறுத்தம் எவ்வாறு அமைய வேண்டும்?

நமது கிராமங்களில் பணியாற்றும் அலுவலர்கள் பம்புசெட்டின் ஸ்டார்ட்டரை நன்கறிவர். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். விரலை எடுத்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்கும். இடையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், மோட்டார் தானாக ஓடத் தொடங்காது. ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். ஸ்டார்ட்டரில் உள்ள சுருள் தன் தொடுமுனையின் வழியாகவே தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்றுத் தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இதன் இரகசியம். மின்சாரம் ஒரு கணம் நின்றால் பிடி விடும். இரவில் மின்சாரம் வரும்போது தானே ஓடட்டும் என்று இதனை மீறித் தானியங்கி ஸ்டார்ட்டர்களைப் பொருத்திய இடங்களில், பழுது பார்த்துக்கொண்டிருப்பவர் எதிர்பாராத வேளையில் மோட்டார் ஓடத் தொடங்கும் அபாயம் உண்டு என்பதை யாவரும் அறிவோம்.

நமது பெட்டியிலும் இதே தத்துவத்தைக் கையாளலாம். ரோபோவின் மேல், நான்கு மோட்டார்களுக்கும் செல்லும் நேர்முனைக் கம்பியின் நடுவே ஒரு பெரிய முதன்மை ரிலேயை வைக்க வேண்டும். கேபிளில் 12 கம்பிகள் இருக்கும். அவற்றின் பணி பின்வருமாறு:

1-ஆம் கம்பி, பாட்டரியின் நேர்முனையிலிருந்து 2 ஆம்பியர் பியூஸ் வழியாகப் பெட்டிக்கு வருவது.

2-ஆம் கம்பி, பெட்டியிலிருந்து முதன்மை ரிலேயின் சுருளுக்குச் செல்வது.

3-ஆம் கம்பி, முதன்மை ரிலேயைக் கடந்த பின்னுள்ள நேர்முனையிலிருந்து, மற்றொரு 2 ஆம்பியர் பியூஸ் வழியாகப் பெட்டிக்குத் திரும்பி வருவது.

4-ஆம் கம்பி, விளக்குக்கான எதிர்முனை.

5 முதல் 12 வரையுள்ள கம்பிகள், நான்கு மோட்டார்களின் எட்டு ரிலேக்களுக்கும் கட்டளை கொண்டு செல்வன.

பெட்டிக்குள் 1-ஆம் கம்பி பச்சைத் தொடக்கப் பொத்தானுக்கு வருகின்றது. பொத்தானின் மறுபுறம், ஒரு சாவிச் சுவிட்சு வழியாகவும், பின்னர் அவசர நிறுத்தப் பொத்தான் வழியாகவும் ஒரு பொதுக் கம்பியை அடைகின்றது. இப்பொதுக் கம்பியிலிருந்தே 2-ஆம் கம்பிக்கும், எல்லாக் கைப்பிடிச் சுவிட்சுகளுக்கும் மின்சாரம் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. 3-ஆம் கம்பி ஒரு டயோடின் வழியாகத் தொடக்கப் பொத்தானின் மறுபுறத்தில் வந்து சேர்கின்றது. டயோடின் கோடிட்ட முனை பொத்தானின் பக்கம் இருக்க வேண்டும்.

பச்சைப் பொத்தானை அழுத்தியவுடன் முதன்மை ரிலே இழுத்துக்கொள்ளும். 3-ஆம் கம்பியில் மின்சாரம் திரும்பி வரும். விரலை எடுத்தாலும் அதன் வழியே ரிலே பிடித்துக்கொண்டிருக்கும். இந்த டயோடில் சுமார் 0.8 வோல்ட் இழக்கப்படுமாயினும், சுருள்களுக்கு 10 வோல்ட்டுக்கு மேல் எஞ்சி நிற்கும். அவசரப் பொத்தானை அழுத்தினாலும், சாவியைத் திருப்பினாலும், கேபிளின் இணைப்பு கழன்றாலும், கேபிள் அறுந்தாலும் விளைவு ஒன்றே: முதன்மை ரிலே விடுபடும், மோட்டார்கள் அனைத்தும் மின்சாரத்தை இழக்கும். அதன்பின், மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ரோபோ அசையாது.

அவசரப் பொத்தானின் தொடுமுனை சாதாரண நிலையில் மூடியிருந்து, அழுத்தினால் திறப்பதாக இருத்தல் இன்றியமையாதது. அழுத்தினால் மூடுகின்ற வகையைப் பயன்படுத்தினால், அதன் கம்பி அறுந்திருப்பது ஆபத்து வேளை வரையில் யாருக்கும் தெரியாது. மூடியிருக்கும் வகையில் கம்பி அறுந்தால் ரோபோ உடனே நின்று, குறையைத் தானே அறிவித்துவிடும்.

கைப்பிடியை விட்டாலே மோட்டார் நின்றுவிடுமாயின் முதன்மை ரிலே எதற்கு என்ற ஐயம் எழலாம. அடிக்கடி பொறி பறப்பதால் ரிலேயின் தொடுமுனைகள் சில வேளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். நசுங்கிய கேபிளில் இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடவும் கூடும். அப்பொழுது கைப்பிடியை விட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடுப்பு தவறினாலும் மற்றொன்று காப்பாற்றுவதற்காகவே முதன்மை ரிலே வைக்கப்படுகின்றது. ரோபோவின் மேலேயும் எளிதில் எட்டக்கூடிய ஓரிடத்தில் பாட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்று இருத்தல் நலம்.

பியூஸ்

பாட்டரி 12 வோல்ட்டே ஆதலால் அதிர்ச்சி உண்டாகாது. அதனால் அபாயமில்லை என்று பலர் கருதுகின்றனர். காரீய அமில பாட்டரியின் முனைகள் குறுக்குச் சுற்றானால் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாயும்; கம்பியின் உறை உருகித் தீப்பற்றும். பாட்டரியுடன் வேலை செய்யும் மாணவர்கள் மோதிரம், வளையல், உலோகக் கைக்கடிகாரப் பட்டை ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

முதன்மைக் கம்பியின் பியூஸைப் பாட்டரியின் நேர்முனைக்கு இயன்றவரை அருகில் வைக்க வேண்டும். பியூஸுக்கு முன்னுள்ள கம்பிக்குப் பாதுகாப்பில்லை. நமது ரோபோவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியும் 20 ஆம்பியர் வாகனப் பியூஸும் பொருந்தும். பியூஸ் காப்பது கம்பியை என்பதை மாணவர்கள் உணர்ந்தால், அது உருகும்போதெல்லாம் காரணத்தைத் தேடுவார்கள். உருகிய பியூஸுக்குப் பதிலாகக் கிடைத்த தாமிர இழையை முறுக்கிப் போடும் வழக்கம் ஆய்வுக்கூடத்தில் தலைகாட்டலாகாது.

விளக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்

பெட்டியின்மேல் ‘ரோபோ உயிருடன் உள்ளது’ என்பதைக் காட்ட ஒரு விளக்கு வேண்டும். 1,000 ஓம் மின்தடையுடன் தொடராக இணைத்த ஓர் எல்.இ.டி. விளக்கு சுமார் 10 மில்லி ஆம்பியரில் நன்கு ஒளிரும். அதை எங்கே இணைப்பது என்பதே கேள்வி. பொதுக் கம்பியுடன் இணைத்தால், முதன்மை ரிலேக்குக் கட்டளை அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும். ரிலே உண்மையில் விடுபட்டதா, ஒட்டிக்கொண்டு நிற்கின்றதா என்பதை அது அறியாது. எனவே, 3-ஆம் கம்பி டயோடை அடைவதற்கு முன்னுள்ள இடத்துடன் விளக்கை இணைக்க வேண்டும். அப்பொழுது மோட்டார்களின் நேர்முனைக் கம்பியில் மெய்யாகவே மின்சாரம் உள்ளதா என்பதை அது காட்டும்.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ, வால்வை மூடும் கட்டளை சென்றது என்பதை மட்டுமே காட்டுமாறு இணைக்கப்பட்டிருந்தது. வால்வு மூடிவிட்டதென்று பணியாளர்கள் நம்பினர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் கருப்பகுதியில் ஒரு பங்கு உருகிப் போயிற்று. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டாயினும், கட்டளையைக் காட்டும் விளக்கை நிலைமையைக் காட்டும் விளக்காகக் கொண்டது அவற்றுள் முக்கியமானது.

கைக்கு ஏற்ற கைப்பிடி

ரோபோகான் போட்டிகளில் ஓர் ஆட்டம் பொதுவாக 3 நிமிடங்களே நீடிக்கும். பரபரப்பான அந்த நேரத்தில் இயக்குபவரின் கண்கள் ரோபோவின்மீதே பதிந்திருக்கும். பெட்டியைக் குனிந்து நோக்க நேரமிராது. ஆகவே, பெட்டி கண்ணுக்காக அன்றிக் கைக்காக அமைக்கப்பட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, தரையிறங்கிய பின் விமானிகளின் கைப்பிழையால் சேதமடைந்தன. இறக்கை மடல்களை மடக்குவதற்குப் பதிலாக அவர்கள் சக்கரங்களையே மடக்கிவிட்டனர். இதனை ஆராய்ந்த உளவியலறிஞர் அல்போன்ஸ் சபானிஸ், இரு செயல்களுக்குமான சுவிட்சுகள் ஒரே வடிவில் அருகருகே இருந்ததைக் கண்டார். சக்கரத்துக்கான சுவிட்சின் முனையில் சக்கர வடிவத்தையும், மடலுக்கானதன் முனையில் மடல் வடிவத்தையும் பொருத்துவது அவர் கண்ட தீர்வு. விரல் நுனியே வேறுபாட்டை உணர்ந்துகொண்டது. விமானிகளின் கவனக்குறைவு என்று கருதப்பட்டது, உண்மையில் அமைப்பின் குறையாக இருந்தது.

இதனின்று நமது பெட்டிக்குச் சில விதிகள் பெறப்படும். இட, வலச் சக்கரங்களுக்கு இரு நெம்புக் கைப்பிடிகள், இரு கட்டைவிரல்களுக்கும் எட்டுமாறு இருபுறமும் அமையட்டும். இரண்டையும் முன்னே தள்ளினால் ரோபோ முன்னே செல்லும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பும். கைக்கான கைப்பிடியை மேல்நோக்கித் தள்ளினால் கை மேலெழ வேண்டும். இவை யாவும், விரலை எடுத்தவுடன் நடுநிலைக்குத் தாமே திரும்பும் வில் அமைந்த சுவிட்சுகளாக இருக்க வேண்டும். கைக்குரிய கைப்பிடிக்குத் தட்டையான முனையும், பிடிப்பானுக்குரியதற்கு உருண்டை முனையும் பொருத்தினால் தடவியே அறியலாம். சிவப்பு நிறத்தை அவசரப் பொத்தானுக்கு மட்டுமே ஒதுக்கி, அதன் பின்னணியை மஞ்சளாக அமைக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாத மாணவர்களும் உண்டாதலால், நிறத்தோடு வடிவத்தாலும் இடத்தாலும் வேறுபாடு காட்டுதல் அவசியம்.

பெட்டியைச் செய்யும் முறை

பலகையை அறுப்பதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 8 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள அட்டைப் பெட்டியில் சுவிட்சுகளின் இடங்களை வரைந்து, கழுத்தில் மாட்டிய பட்டையில் முழங்கை உயரத்தில் தொங்கவிட்டு, இயக்கப்போகும் மாணவனோ மாணவியோ கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டுக் காட்ட வேண்டும். விரல் எட்டாத இடங்களை அப்பொழுதே மாற்றிவிடலாம். அட்டையை வெட்டுவதில் செலவில்லை.

மாதிரி நிறைவுற்ற பின், 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையிலோ, மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியிலோ அதைச் செய்யலாம். மூடியைத் திறந்தால் எல்லா இணைப்புகளும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் அதன் எண்ணை எழுதிய காகித வளையத்தை ஒட்ட வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுகப் பற்றும் கேபிள் கிளாண்டு ஒன்றைப் பொருத்தினால், யாரேனும் கேபிளில் கால் தடுக்கினாலும் இழுவிசை ஈயப்பற்றுகளைத் தாக்காது. பெரும்பாலான ரோபோக்கள் போட்டிக் களத்தில் நின்றுபோவதற்குக் காரணம் நுட்பமான தத்துவப் பிழைகளன்று. தளர்ந்த திருகும் குளிர்ந்த ஈயப்பற்றுமே.

சோதனைகள்

பெட்டி முடிந்ததும் ரோபோவைத் தரையில் விட்டு ஓட்டிப் பார்க்கும் ஆவல் எழும். அதற்கு முன் ஆசிரியர் பின்வரும் வரிசையை வற்புறுத்த வேண்டும். முதலில் பாட்டரியை இணைக்காமலே மீட்டரைக் கொண்டு ஒவ்வொரு கம்பியும் உரிய இடத்தைச் சேர்கின்றதா என்றும், நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே குறுக்குச் சுற்று இல்லையா என்றும் அறிய வேண்டும். இரண்டாவதாக, சக்கரங்கள் தரையில் படாதவாறு ரோபோவை மரக்கட்டைகளின் மேல் உயர்த்தி, மோட்டார்களை ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். மூன்றாவதாக, எல்லா மோட்டார்களும் ஓடும்போது அவசரப் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னர்ப் பொத்தானை விடுவித்து, கைப்பிடியைத் தள்ளினாலும் ரோபோ அசையாதிருக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். நான்காவதாக, ஓடும்போதே கேபிளின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இந்த நான்கிலும் தேறிய பின்னரே ரோபோ தரையில் இறங்கலாம். சோதனையின் நாள், முடிவு, செய்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இவ்வரிசை முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்த படி

இப்பெட்டியில் மோட்டார்கள் முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இடைப்பட்ட வேகம் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க மைக்ரோகன்ட்ரோலர் தேவைப்படும். 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகத் தோன்றிய ஆர்டுவினோ பலகை இதற்கு ஏற்றது. பெட்டியில் ஒன்றும் ரோபோவில் ஒன்றுமாக இரு பலகைகளை வைத்தால், பன்னிரண்டு கம்பிகளுக்குப் பதில் சில கம்பிகளே போதும். ஆயினும் இரண்டு நெறிகளைக் கைவிடலாகாது. பெட்டியிலிருந்து செய்தி வருவது அரை வினாடி தடைப்பட்டாலும் ரோபோவின் பலகை மோட்டார்களைத் தானே நிறுத்துமாறு நிரல் எழுதப்பட வேண்டும். அவசரப் பொத்தானோ நிரலின் தயவை நாடாமல், முன்போலவே தனிக் கம்பியின் வழியே முதன்மை ரிலேயை நேராக விடுவிக்க வேண்டும். நிரல் சிக்கி நின்றுபோகும் வேளையில்தான் அப்பொத்தானின் தேவை மிகும்.

ஆசிரியர்களுக்கு

இவ்வொரு பெட்டியின் வாயிலாக ஓம் விதி, மின்காந்தம், மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றே என்னும் உண்மை, மனித இயல்பு பற்றிய ஆராய்ச்சி ஆகியவை அனைத்தும் மாணவரின் கைக்குள் வந்து சேர்கின்றன. கடையில் விற்கும் ஆயத்தப் பெட்டியை வாங்கிப் பொருத்தினால் நேரம் மிஞ்சும். ஆனால் ‘கம்பி அறுந்தால் என்ன ஆகும்?’ என்னும் கேள்வியை எழுப்பும் வாய்ப்பு போய்விடும். சுற்றுப்படத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டின் மீதும் விரலை வைத்து இக்கேள்வியை மாணவர்கள் தாமே கேட்டு, விடையையும் தாமே கண்டறியச் செய்ய வேண்டும். கிராமங்களில் பம்புசெட்டுகளையும் கதிரடிக்கும் இயந்திரங்களையும் கண்காணிக்கும் அலுவலர்களுக்கும் இதே கேள்வி பயன்படும். எந்த இயந்திரத்தின் முன்னும் நின்று, கை விலகினாலும் கம்பி அறுந்தாலும் மின்சாரம் போய் வந்தாலும் அது என்ன செய்யும் என்று கேட்கப் பழகிய மாணவன், தன்னையும் தன் அருகில் நிற்பவரையும் காக்கத் தெரிந்தவனாவான்.